நிலையத்துக்குப் பக்கத்தில் யார் குடியிருக்கப் போகிறார்கள்?

(நம் சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற வங்கி எழுத்தரான உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர இயலாத உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதால் எழுத்து வடிவில் தருகிறோம்.)



இன்றைய நிகழ்ச்சி நிரலில் ஆறாவது இனமாக இரண்டு தீர்மானங்கள் இருக்கின்றன. ஒன்று, ஆற்காடு சாலையிலிருந்து நம் தெருக்களுக்கு வரும் சந்தில் இரும்புக் கதவு போட்டுப் பூட்டுவது. இரண்டு, மெட்ரோ நிலையத்தைச் சுற்றி ஒரு படுக்கையறை வீடுகளும் விடுதிகளும் கொண்ட அடுக்குமாடிகளுக்கு அனுமதி தரக்கூடாது என்று சி.எம்.டி.ஏ.வுக்கு மனு கொடுப்பது. ஓட்டெடுப்புக்கு முன்னால் இருபது நிமிடம் பேச அனுமதி கேட்டேன். தலைவர் தாராளமாக அரை மணி கொடுத்திருக்கிறார். டிபன் ஆறிப்போவதற்குள் முடித்துவிடுகிறேன்.

நான் திட்டப் பொறியாளர் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் எழுத்தராகச் சேர்ந்து, அதில் பல வருடம் வீட்டுக்கடன் பிரிவில் உட்கார்ந்தவன். எனக்குத் தெரிந்தது வரவு-செலவுதான். அந்தக் கண்ணோடு இந்த விஷயத்தைப் பார்த்ததைச் சொல்கிறேன்.

நமக்கு என்ன வருகிறது?

முதலில் வரவு. சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டம் மூன்று வழித்தடங்கள், சேர்ந்து ஏறத்தாழ 119 கிலோமீட்டர். 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தபோது சொன்ன மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். வகுத்துப் பாருங்கள், கிலோமீட்டருக்கு 530 கோடிக்கு மேல் வருகிறது. இதில் பெரும்பகுதி வெளிநாட்டு வங்கிகளிடம் வாங்கும் கடன். கட்டப் போவது நம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்.

நம் ஆற்காடு சாலைக்கு இன்னொரு விசேஷம் உண்டு. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி போகும் தடமும், மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் போகும் தடமும் ஆழ்வார்திருநகரிலிருந்து ஆலப்பாக்கம் வரை ஒரே தூண் வரிசையில், மேலும் கீழுமாக இரண்டு அடுக்கில் போகின்றன. அதாவது நாம் ஏறும் இடத்திலிருந்து ஒரு பக்கம் வடபழனி, கோடம்பாக்கம், பனகல் பார்க், மயிலாப்பூர். இன்னொரு பக்கம் கோயம்பேடு, மாதவரம். தெற்கே பரங்கிமலை, மேடவாக்கம், சோழிங்கநல்லூர். வடபழனியில் மாறினால் விமான நிலையம், சென்ட்ரல். நகரத்தில் இவ்வளவு திசைக்கு ரயில் கிடைக்கிற குடியிருப்புகள் அதிகம் இல்லை.

இவ்வளவு பணம் போட்டு வருகிற ரயிலில் யார் ஏறப் போகிறார்கள்? நிலையத்துக்கு நடந்து வரக்கூடிய தூரத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் அதற்குப் பதில். ஆறாவது இனத்தின் இரண்டு தீர்மானங்களும் இதைத்தான் தொடுகின்றன.

இது புதிய சங்கதி இல்லை

'டி.ஓ.டி.' என்று இப்போது ஒரு பெயர் சொல்கிறார்கள். போக்குவரத்து நிலையத்தை மையமாக வைத்து வீடு, கடை, அலுவலகம் எல்லாவற்றையும் நடக்கிற தூரத்துக்குள் அமைப்பது. பெயர்தான் புதிது. சென்னைக்காரர்கள் இதை எப்போதோ செய்திருக்கிறார்கள்.

1920-இல் சென்னை மாகாணத்துக்கு நகரமைப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகு பழைய நெடிய ஏரியின் ஒரு பகுதியைத் தூர்த்துத் தியாகராய நகர் அமைந்தது. ஒரு ஓரத்தில் மாம்பலம் ரயில் நிலையம், நடுவில் பனகல் பூங்கா, அங்கிருந்து கிளை பிரியும் தெருக்கள். 1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது. அதன்பின் சைதாப்பேட்டை, பழவந்தாங்கல், குரோம்பேட்டை, தாம்பரம் என்று ஒவ்வொரு நிலையத்தைச் சுற்றியும் உத்தியோகஸ்தர்களின் வீடுகள் வளர்ந்தன. நங்கநல்லூர் என்ற ஊரையே பழவந்தாங்கல் ஸ்டேஷன் வளர்த்தது என்று சொல்லலாம்.

அந்தக் காலத்தில் வீடு பார்க்கப் போனால் புரோக்கர் சொல்லும் முதல் வார்த்தையே "ஸ்டேஷன் அஞ்சு நிமிஷ நடை சார்" என்பதுதான். இரண்டாவதுதான் தண்ணீர். எழுத்தரும், தட்டச்சரும், பள்ளி ஆசிரியையும் சீசன் டிக்கெட்டை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்திய ஊர் இது. ஸ்டேஷனை ஒட்டிய தெருக்களில் பெரிய வீடும் இருந்தது, நான்கு குடித்தனம் இருந்த ஸ்டோர் வீடும் இருந்தது. ஒரே ரயிலில்தான் எல்லோரும் போனார்கள்.

பிரித்துப் போட்டதால் என்ன ஆனது?

பிறகு வீட்டையும் போக்குவரத்தையும் தனித்தனிக் கோப்பில் போட்டார்கள். அதன் பலனுக்கு மூன்று உதாரணம் சொல்கிறேன். மூன்றும் நம் கண்முன் இருப்பவை.

முதலாவது, பறக்கும் ரயில். 1995-இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை ஓட ஆரம்பித்து, 2007 நவம்பரில்தான் வேளச்சேரியை எட்டியது. நிலையங்களைப் பாருங்கள், ஒவ்வொன்றும் கல்யாண மண்டபம் மாதிரி. மேல்தளங்களில் கடைகளும் அலுவலகங்களும் வரும் என்று கட்டினார்கள். பெரும்பாலும் காலியாகவே கிடந்தன. நிலையத்துக்கு நடந்து வரும் வழி பல இடங்களில் இருட்டு, பக்கிங்காம் கால்வாயின் துர்நாற்றம், பேருந்து நிறுத்தம் எங்கேயோ. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஒரு பெண் தனியாக வரத் தயங்கும் நிலையத்தை, எத்தனை கோடி போட்டுக் கட்டினாலும் பாதிப் பேர் கழித்துவிடுகிறார்கள். ரயிலைக் கொண்டுவந்தோம், சுற்றுப்புறத்தை மறந்துவிட்டோம்.

இரண்டாவது, இதற்கு நேர்மாறு. கூவம் கரையிலும் நகரின் நடுவிலும் இருந்த குடிசைவாசிகளை 2000-ஆம் ஆண்டு முதல் கண்ணகி நகருக்கும், பிறகு செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் மாற்றினார்கள். கண்ணகி நகரில் மட்டும் 15,000 வீடுகளுக்கு மேல். கான்கிரீட் வீடு கிடைத்தது, மறுக்கவில்லை. ஆனால் மயிலாப்பூரில் நான்கு வீட்டில் வேலை பார்த்த அம்மாவுக்கு அந்த வேலை போனது. நுங்கம்பாக்கத்தில் படித்த பிள்ளைக்குப் பள்ளி போனது. எத்தனையோ குடும்பங்கள் அந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுப் பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி வந்து ஒண்டின. இப்போதுதான் பழைய மாமல்லபுரம் சாலையில் ஒக்கியம் துரைப்பாக்கம் வழியாக மெட்ரோ கட்டுகிறார்கள். வீடு போய், ரயில் வருவதற்கு இடையில் ஒரு தலைமுறையே வளர்ந்துவிட்டது.

மூன்றாவது, கிளாம்பாக்கம். 2023 டிசம்பர் கடைசியில் திறந்த பேருந்து முனையம், சுமார் 88 ஏக்கர். திறந்தபோது பக்கத்தில் ரயில் பாதை இருந்தது, ரயில் நிலையம் இல்லை. மதுரையிலிருந்து விடியற்காலை நான்கு மணிக்கு வந்து இறங்குகிறவர், பெட்டி படுக்கையோடு மாநகரப் பேருந்துக்கோ ஆட்டோவுக்கோ நின்றார். பேருந்தும் ரயிலும் வீடும் ஒரே நாளில் வரமுடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் ஒரே வரைபடத்தில் வரமுடியும்.

நல்ல உதாரணமும் ஒன்று சொல்லவேண்டும். 2023 மே மாதம் மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி.நகர் பேருந்து நிலையத்தையும் இணைத்து 570 மீட்டர் நீளத்துக்கு ஆகாய நடைபாதை திறந்தார்கள். ரங்கநாதன் தெரு நெரிசலில் முழங்கை படாமல் இன்று நடக்கிறார்கள். வெறும் 570 மீட்டர் நடையைச் சரிசெய்ததற்கே இவ்வளவு பலன்.

ஐந்நூறு மீட்டர் கணக்கு

2017-இல் மத்திய அரசு இதற்கென்று ஒரு தேசியக் கொள்கை வெளியிட்டது. நிலையத்தைச் சுற்றி 500 முதல் 800 மீட்டர் வரையுள்ள வட்டத்தைத் 'தாக்க மண்டலம்' என்று அது சொல்கிறது. பத்துப் பன்னிரண்டு நிமிட நடை. அந்த வட்டத்துக்குள் நெருக்கமாகக் கட்டலாம், பலவகை உபயோகம் கலந்திருக்கலாம், நடப்பவருக்கு முதலிடம், வாகன நிறுத்தத்துக்குக் கட்டுப்பாடு. இன்னொரு பரிந்துரையும் அதில் உண்டு. அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. அந்த மண்டலத்தில் அனுமதிக்கப்படும் தளப்பரப்பில் 30 சதவீதம் குறைந்த வருமானத்தார் வாங்கக்கூடிய, குடியிருக்கக்கூடிய வீடுகளாக இருக்கவேண்டும் என்பதே அது.

நம் உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் அந்த வட்டத்துக்குள்தான் இருக்கிறோம்.

இப்போது எஃப்.எஸ்.ஐ. என்ற தளப்பரப்புக் குறியீட்டைப் பார்ப்போம். மனையின் பரப்பைப் போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்பது இது. முன்பு சாதாரணக் கட்டடத்துக்கு ஒன்றரை மடங்கு. 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் இரண்டு மடங்கு ஆனது. அகலமான சாலையில் உயரமான கட்டடத்துக்கு 3.25. பணம் கட்டினால் அதற்கு மேலும் கூடுதல் பரப்பு உண்டு. நம் ஒரு கிரவுண்டு, 2,400 சதுர அடி. இரண்டு மடங்கு என்றால் 4,800 சதுர அடி கட்டலாம்.

இந்த 4,800 சதுர அடியை இரண்டு விதமாகப் பிரிக்கலாம். 1,600 சதுர அடியில் மூன்று வீடு. அல்லது 600 சதுர அடியில் எட்டு வீடு. கட்டடத்தின் உயரம் ஒன்றுதான், நிழல் ஒன்றுதான், அடுத்த வீட்டுக்காரருக்கு மறையும் காற்றும் ஒன்றுதான். மாறுவது உள்ளே யார் வருகிறார்கள் என்பது மட்டும்.

மூன்று படுக்கையறை வீட்டுக்கு வருகிறவருக்குக் குறைந்தது ஒரு கார், பெரும்பாலும் இரண்டு. அவர் ரயிலில் போகமாட்டார் என்று சொல்லவில்லை. மகளுக்கு மழை நாளில் ஆகும், கிரிக்கெட் பார்க்கப் போக ஆகும். தினமும் ஏறுகிறவர், 600 சதுர அடிக்காரர்தான். மருத்துவமனை செவிலியர், துணிக்கடை விற்பனையாளர், ஐ.டி. கம்பெனியில் முதல் வேலை கிடைத்த பையன், ஓய்வுபெற்ற தனி ஆள்.

நம் மனு சொல்வது, சின்ன வீடும் விடுதியும் வேண்டாம் என்று. அதை அரசாங்கம் அப்படியே ஏற்றுக்கொண்டால் மிஞ்சுவது என்ன? பெரிய வீடும் இரண்டு காரும். நெரிசலைத் தடுக்க என்று கொடுக்கிற மனு, நெரிசலை வரவழைத்துவிடும். தலைக்கு மேல் ரயில் காலியாக ஓடும், கீழே ஆற்காடு சாலை நிரம்பி வழியும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரு காரை நிறுத்த, அது திரும்பி வரும் இடத்தையும் சேர்த்தால், 250 சதுர அடிக்குக் குறையாது. இரண்டு கார் நிற்கும் இடத்தில் ஒரு படுக்கையறை வீடு ஒன்று வந்துவிடும். நிலையத்துக்குப் பக்கத்து நிலத்தை மனிதர் படுக்கக் கொடுப்பதா, கார் படுக்கக் கொடுப்பதா?

வாடகையும் பயணமும் ஒரே கணக்கு

வங்கியில் வீட்டுக்கடன் மனு வந்தால் சம்பளச் சான்று பார்ப்போம், வேறு கடன் இருக்கிறதா பார்ப்போம், மாதத் தவணை சம்பளத்தில் எத்தனை பங்கு என்று போடுவோம். அந்தப் படிவத்தில் "வீட்டிலிருந்து வேலைக்குப் போக மாதம் எவ்வளவு ஆகும்?" என்று ஒரு கட்டம் கிடையாது. ஊருக்கு வெளியே விலை குறைவு என்று வாங்குகிறவருக்கு அந்தக் கட்டம்தான் பிறகு கழுத்தைப் பிடிக்கும்.

ஒரு கணக்குப் போடுவோம். எண்கள் நான் வைத்துக்கொண்டவை. உங்கள் வீட்டு எண்ணைப் போட்டு நீங்களே சரிபார்க்கலாம். புருஷன் பெண்டாட்டி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். நிலையத்துக்கு அருகே சின்ன வீட்டுக்கு வாடகை 15,000. தூரத்தில் அதே அளவு வீட்டுக்கு 10,000. ஐயாயிரம் மிச்சம் என்று தோன்றும். தூரத்தில் இருந்தால் இருவருக்கும் ஆளுக்கொரு இருசக்கர வாகனம். தவணை, பெட்ரோல், சர்வீஸ், இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்து ஒன்றுக்கு மாதம் 4,000 வைத்தால் 8,000. மொத்தம் 18,000. அருகில் இருந்தால் மெட்ரோவுக்குப் போக 30, வர 30, மாதம் 25 நாள். ஒருவருக்கு 1,500, இருவருக்கு 3,000. மொத்தம் அதே 18,000.

பணம் சமம். நேரம் சமமில்லை. ஒருவருக்கு நாளுக்கு ஒன்றரை மணி மிச்சமானால் 25 நாளில் 37 மணிக்கு மேல். ஏறத்தாழ ஒரு வார அலுவலக நேரம். அந்த நேரத்தில் பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தரலாம், சாயங்காலம் கோயிலுக்குப் போகலாம், சும்மாவாவது உட்கார்ந்திருக்கலாம். வண்டியில் போகிறவர் விபத்தில்லாமல் வீடு வந்து சேரும் நிம்மதிக்கு நான் கணக்கே போடவில்லை.

ஆனால் இந்தக் கணக்கு, வாடகை 15,000-இல் நிற்கும்வரைதான். ரயில் ஓட ஆரம்பித்ததும் வாடகை ஏறும். ஏற்கெனவே ஏற ஆரம்பித்துவிட்டது என்பது இங்கே வாடகைக்கு விட்டிருக்கும் எல்லோருக்கும் தெரியும். அது 22,000 ஆனால், ரயில் யாருக்கு அவசியமோ அவரே ரயிலை விட்டுத் தள்ளிப் போகவேண்டிவரும். சின்ன வீடுகள் நிறைய வந்தால்தான் அது கட்டுக்குள் இருக்கும். அளவைக் குறைத்துவிட்டு விலை ஏறுகிறதே என்று புலம்புவதில் பயனில்லை.

நம் உறுப்பினர்கள் பலருடைய பிள்ளைகள் சிங்கப்பூரில் இருக்கிறார்கள். போய்ப் பார்த்திருப்பீர்கள். அங்கே குடிமக்களிலும் நிரந்தரவாசிகளிலும் பத்தில் எட்டுப் பேர் ஹெச்.டி.பி. என்ற அரசு வீடமைப்புக் கழகத்தின் அடுக்குமாடிகளில்தான் இருக்கிறார்கள். எம்.ஆர்.டி. நிலையம், பேருந்து நிலையம், சந்தை, சாப்பாட்டுக் கடை, அதைச் சுற்றி வீடுகள். ஒரே வளாகத்தில் இரண்டு அறை வீடும் உண்டு, ஐந்து அறை வீடும் உண்டு. நிலையத்திலிருந்து வீட்டு வாசல் வரை மழைக்கு நனையாமல் கூரை போட்ட நடைபாதை. அங்கே நிலம் பெரும்பாலும் அரசுடையது, நமக்கு அப்படி இல்லை. அதனால் அதை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. ஆனால் கூரை போட்ட நடைபாதைக்கும், கலந்த அளவு வீடுகளுக்கும் சிங்கப்பூர்ச் சட்டம் தேவையில்லை.

நம் பயங்கள் நியாயமானவை

தீர்மானத்தைக் கொண்டுவந்த நண்பர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் சொல்லும் காரணங்கள் கற்பனை இல்லை. நம் பகுதி மாநகராட்சியில் சேர்ந்ததே 2011-இல்தான். மழை பெய்தால் பாதாளச் சாக்கடை மூடி வழியே கழிவுநீர் பொங்குவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். 2015 டிசம்பரில் முகலிவாக்கமும் மணப்பாக்கமும் மூழ்கியதை மறக்கமுடியாது. 2019-இல் நான்கு ஏரிகளும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது.

என் கணக்கிலும் இது தெரிகிறது. மூன்று வீட்டில் பன்னிரண்டு பேர் என்றால், எட்டு வீட்டில் இருபத்துநான்கு பேர். தலைக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது அரசாங்க அளவு. 1,620 லிட்டர் இருந்த இடத்தில் 3,240 லிட்டர் வேண்டும். அதே அளவு சாக்கடைக்கும் போகும். குழாயை மாற்றாமல் மாடியை மட்டும் உயர்த்தினால் அடிபடுவது நாம்தான்.

ஆகவே மனு கொடுக்கவேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. மனுவில் என்ன எழுதுகிறோம் என்பதில்தான். "ஆள் வரக்கூடாது" என்று எழுதினால் அதிகாரி படித்துவிட்டுக் கட்டி வைத்துவிடுவார். "கூடுதல் தளப்பரப்புக்கு வசூலிக்கும் பணத்தில் எங்கள் தெருக் குழாயையும் மழைநீர் வடிகாலையும் முதலில் பெரிதாக்குங்கள், பிறகு அனுமதி கொடுங்கள்" என்று எழுதினால் அதற்குப் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். கூடுதல் எஃப்.எஸ்.ஐ. கட்டணம் நம் தெருவில் கட்டும் கட்டடத்திலிருந்து போகிறது. அதில் ஒரு பங்கு நம் தெருவுக்குத் திரும்பி வரவேண்டும் என்று கேட்பது பிச்சை இல்லை.

"யார் யாரோ வருவார்கள், பாதுகாப்பு என்ன?" என்று சில தாய்மார்கள் கேட்டார்கள். வருகிறவர்களில் பலர் ஏற்கெனவே தினமும் நம் வீட்டுக்குள் வருகிறவர்கள்தான். நம் வீட்டுப் பாத்திரம் துலக்குகிறவர், நம் அப்பாவைப் படுக்கையில் பார்த்துக்கொள்கிறவர், நம் வாசலில் காவல் இருக்கிறவர். இப்போது அவர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்று கேட்டிருக்கிறோமா? பகலில் வேலைக்கு வேண்டும், ராத்திரி பக்கத்தில் இருக்கக்கூடாது என்பது நமக்கு அழகில்லை. வேலைக்குப் போகும் பெண்களுக்காக அரசே தாம்பரம் போன்ற இடங்களில் தோழி விடுதிகளைக் கட்டியிருக்கிறது. நம் பேத்தி பெங்களூரில் விடுதி தேடும்போது, அங்கே ஒரு சங்கம் இப்படித் தீர்மானம் போட்டிருந்தால் நமக்கு எப்படி இருக்கும்?

அந்த இரும்புக் கதவு

கடைசியாக, கதவு விஷயம். நிலையத்துக்கு வருகிறவர்கள் நம் தெருவில் வண்டியை நிறுத்திவிட்டுப் போவார்கள் என்பதுதான் காரணம். அந்தக் கவலை சரி. போன மாதம் நானும் வீட்டம்மாவும் இரண்டு வழியிலும் நடந்து பார்த்தோம். நம் பூங்கா வாசலிலிருந்து சந்து வழியாக நிலையத்தின் படிக்கட்டு வரை ஆறு நிமிடம். சந்தை விட்டு, மெயின் ரோடு சுற்றிப் போனால் பதினேழு நிமிடம். அந்தப் பதினேழு நிமிடத்தில் நடைபாதை என்று பெயருள்ள இடத்தில் இரண்டு டிரான்ஸ்ஃபார்மர், திறந்து கிடக்கும் ஒரு வடிகால் பலகை, ஒரு பழக்கடை, எண்ணிப் பார்த்ததில் முப்பத்தோரு இருசக்கர வாகனங்கள். நான்கு இடத்தில் ரோட்டில் இறங்கித்தான் நடக்கவேண்டியிருந்தது. முழங்கால் வலிக்காரர்கள் நாம். அந்த வழியில் யார் போவோம்?

கதவைப் பூட்டினால் வெளியார் வண்டியோடு சேர்த்து நம்மையும் பூட்டிக்கொள்கிறோம். 63,000 கோடிக்குக் கட்டிய ரயிலை, முப்பதாயிரம் ரூபாய்க் கதவு ஒன்றால் பதினொரு நிமிடம் தள்ளி வைக்கிறோம். தவிர, அனுமதி பெற்ற மனைப்பிரிவில் சாலைகள் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்குக் கொடுக்கப்பட்டவை. பொதுச் சாலையைப் பூட்ட நமக்கு உரிமை இல்லை. நாளைக்கு யாராவது புகார் கொடுத்தால் சங்கத்தின் பெயர்தான் கெடும்.

வண்டி நிற்காமல் தடுக்கக் கதவு வேண்டாம். சந்தின் வாயில் மூன்று இரும்புக் கம்பம் நட மாநகராட்சியைக் கேட்போம். ஆள் போகும், சக்கர நாற்காலி போகும், ஆட்டோவும் காரும் போகாது. இருசக்கர வாகனத்துக்கு நம் தெருவில் 'நிறுத்தக்கூடாது' பலகையும், போக்குவரத்துக் காவலரின் வாராந்திரச் சுற்றும் கேட்போம். அதோடு ஒரு தெருவிளக்கு. அது இருந்தால் ராத்திரி ஒன்பது மணிக்கு இறங்குகிற பெண் பிள்ளை தைரியமாக வருவாள்.

என் வேண்டுகோள்

ஆறாவது இனத்தில் உள்ள இரண்டு தீர்மானங்களையும் நிறுத்திவைத்து, அவற்றின் இடத்தில் இந்த ஐந்தைப் பரிசீலிக்கும்படி பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

1. சந்தைப் பூட்டுவதில்லை. கம்பமும் விளக்கும் கேட்டு மாநகராட்சிக்கு எழுதுவது.

2. நிலையத்திலிருந்து 500 மீட்டருக்குள் உள்ள எல்லாத் தெருக்களிலும் இரண்டு பக்கமும் தடையில்லாத நடைபாதை கேட்பது. நாமும் நம் வீட்டு வாசலில் ரோட்டுக்கு நீட்டிய சாய்தளத்தையும் பூந்தொட்டியையும் உள்ளே இழுத்துக்கொள்வது. இதைச் சொல்லும்போது சிலர் என் வீட்டுத் தொட்டியை நினைக்கிறீர்கள். நேற்றே எடுத்துவிட்டேன்.

3. கூடுதல் தளப்பரப்புக் கட்டணத்தில் ஒரு பங்கை இந்தப் பகுதியின் குடிநீர், கழிவுநீர், மழைநீர்க் குழாய்களுக்கே ஒதுக்கும்படியும், குழாய் வந்தபின் மாடி என்ற வரிசையைக் கடைப்பிடிக்கும்படியும் சி.எம்.டி.ஏ.வைக் கேட்பது. சென்னைப் பெருநகருக்கான மூன்றாவது முழுமைத் திட்டம் 2027 முதல் 2046 வரைக்கானது. அதில் நம் குரலும் பதிவாகவேண்டும்.

4. தேசியக் கொள்கை பரிந்துரைத்த 30 சதவீதத்தை நிலையத்தைச் சுற்றி நடைமுறைப்படுத்தும்படியும், சின்ன வீட்டுக்குக் கார் நிறுத்தத்தைக் கட்டாயமாக்க வேண்டாம் என்றும் கேட்பது.

5. மாநகரப் போக்குவரத்துக் கழகம் 2013 முதல் சிற்றுந்து விட்டுப் பார்த்திருக்கிறது. ரயில் ஓடும் நாளிலிருந்தே நம் உள்தெருக்களுக்கும் நிலையத்துக்கும் இடையே ஒரு சிற்றுந்து கேட்பது.

இன்னொரு விஷயம் நம் கையிலேயே இருக்கிறது. நம்மில் பலர் முப்பது நாற்பது வருடப் பழைய அடுக்குமாடிகளில் இருக்கிறோம். 2022-ஆம் ஆண்டின் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் மறுகட்டுமானம் செய்யலாம். பில்டர்கள் நடையாய் நடக்கிறார்கள். நம் யு.டி.எஸ்.ஸுக்கு எவ்வளவு பெரிய வீடு என்று மட்டும் பேரம் பேசாமல், எட்டு வீட்டில் இரண்டாவது சின்ன வீடாக இருக்கட்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். அந்தச் சின்ன வீடு வாடகைக்குப் போகும். பிள்ளைகள் வெளியூரில் இருக்கும் நமக்கு நாளைக்குப் பெரிய வீட்டைப் பெருக்கமுடியாமல் போனால், அதே கட்டடத்தில் அந்தச் சின்ன வீட்டுக்கே மாறிக்கொள்ளலாம். பழகிய தெரு, பழகிய டாக்டர், கீழே இறங்கினால் ரயில்.

நிலம் நம்முடையது. ஆனால் ரயில் வந்ததால் அந்த நிலத்துக்கு ஏறிய மதிப்பு நாம் உழைத்துச் சம்பாதித்தது இல்லை. ஊரே சேர்ந்து கட்டப்போகும் கடனிலிருந்து வந்த வரவு. அந்த வரவில் கொஞ்சம், அந்த ரயிலில் தினமும் ஏறப் போகிறவருக்கு இடம் விட்டுக் கொடுப்பதாகச் செலவு எழுதினால், ஐந்தொகை சரியாக வரும் என்று ஒரு எழுத்தராக நினைக்கிறேன். ஓட்டுப் போடும்போது இதை மனதில் வையுங்கள்.